பதினோராம் கட்டை பேட்டரி முனி

1979ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மலேசியாவின் ஈப்போவிலிருந்து பதினோராம் மைல்கட்டையில் இருக்கும் நீலாம் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு முன்னால் நாற்பத்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவற்றில் ஒன்றுகூடக் கிளம்பும் நிலையில் இல்லை.

பாதிப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். சிலர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தைப்பிங்கிலிருந்து ஒருவர் ரயிலில் போட்டுக்கொண்டு வந்தார். ரயிலுக்கும் லாரிக்கும் கொடுத்த கூலியில் புதுப் பேட்டரியே வாங்கியிருக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "கடைப் பேட்டரியில அருள் இருக்குமா?" என்று கேட்டிருப்பார்.

அருள் மாயாண்டி சாமியிடம் இருந்தது. அவர் கோயிலுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவம் செய்துவிட்டு நேராக இங்கே வந்ததாகச் சொன்னார். தஞ்சோங் மாலிம் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. இமயமலை பஸ் அந்த வழியாகத்தான் வரும்போலிருக்கிறது.

வந்த ஒரு வாரத்தில் உலக விஞ்ஞானிகளுக்கு எட்டாத ஒரு உண்மையை அவர் கண்டுபிடித்தார். பேட்டரி பழசாகிச் சாவதில்லை. ரப்பர்க் காட்டுச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது. விளக்கோடு போகும் மோட்டாரைப் பார்த்தால் அதற்குத் தாகம் எடுக்கும். பேட்டரியிலிருந்து வெளிச்சத்தை உறிஞ்சிக் குடித்துவிடும்.

"அப்ப காரு, லாரி பேட்டரியையெல்லாம் ஏன் சாமி குடிக்கறதில்ல?" என்று ஒருவர் கேட்டார்.

"காருக்குக் கதவு இருக்கு மகனே" என்றார் சாமி.

கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வைத்தியம் எளிமையானது. செத்த பேட்டரியைக் கழற்றி மாலை போட்டு, விபூதி பூசி, கருவறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் வைப்பார்கள். கதவு சாத்தப்படும். ஒரு பகல் முழுவதும் முனி காவல். உள்ளே யாரும் போகக்கூடாது. பார்த்தால் கண் போய்விடும். ஆனால் காதுக்குத் தடையில்லை. சுவரில் காதை வைத்தால் உள்ளேயிருந்து "ஓம்ம்ம்ம்" என்று ஒரு ஓசை, ஏறாமல் இறங்காமல், மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டவர்கள் அழுதார்கள். மூச்சு விடாமல் இவ்வளவு நேரம் மனிதனால் ஓம் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். முடியாது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

ஓசையோடு ஒரு கொதிப்புச் சத்தமும் வரும். முனி படையல் கள்ளைக் குடிக்கிறார் என்றார் சாமி. புளித்த வாடையும் வரும். அது முனியின் ஏப்பம். சாமியின் காவி வேட்டியில் மிளகளவு ஓட்டைகள் நிறைய இருந்தன. அவை முனியின் மூச்சுக் காற்று சுட்ட தழும்புகள். கிழிந்த வேட்டியில் ஒரு துண்டு வாங்கித் தாயத்துக்குள் வைத்துக் கட்டிக்கொண்டவர் ஒருவர் ஈப்போவில் பள்ளி வாத்தியார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீலாம் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டும் ஜெனரேட்டர் கரண்டு. சாலையோரமாக இருந்ததால் கோயிலுக்கு மட்டும் ரோட்டுக் கம்பியிலிருந்து நாள் முழுவதும் கரண்டு. அந்த வட்டாரத்தில் ஒன்பது கோயில்கள் இருக்க, முனி இந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெய்வீகக் காரணம் இருப்பதாகச் சாமி சொன்னார். கோயில் தலைவர் சன்னாசிக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். கரண்டு பில் நான்கு மடங்காகியிருந்தது. கேட்டதற்கு, "முனியோட சக்தி மீட்டர் வரைக்கும் பாயுது" என்று பதில் வந்தது. சன்னாசி மீட்டருக்கும் ஒரு மாலை போட்டார்.

*

நாற்பத்து மூன்று வண்டிகளில் ஒன்று அர்ச்சுனனுடையது. முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தில் பாதியை விற்றபோது வேலை போய்விட்டது. இப்போது மெங்லெம்புவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருந்தார். காலை ஏழு மணிக்குக் கேட் சாத்திவிடுவார்கள். தோட்டத்து முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். அவருடைய மோட்டார், பேட்டரி இல்லாமல் பொறி தட்டாத ரகம். பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துக்கொள்ளும்.

அது ஒரு மாதத்தில் மூன்று முறை படுத்தது. மூன்று முறையும் சாமி எழுப்பிக் கொடுத்தார். எழுந்த பேட்டரி இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் மறுபடி படுக்கும். தாமதத்துக்காகத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது கடிதம் என்றால் அதற்குப் பிறகு வேலை இல்லை.

நான்காம் முறையும் படுத்தபோது, வியாழக்கிழமை மத்தியானம் அவர் கோயிலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு லயத்துக்கு வந்தார். மனைவி கருப்பம்மாள் தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறைய வைக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"சாமி கண்டுபிடிச்சிட்டாரு" என்றார் அர்ச்சுனன்.

"என்னாவாம்?"

"பேட்டரியில ஒண்ணும் இல்லையாம். வீட்டுலதான் கோளாறாம்."

"வீட்டுல என்னா கோளாறு? கூரை ஒழுகுதே, அதுவா?"

"நீதானாம்."

கருப்பம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"நம்பிக்கை இல்லாத பொம்பள இருக்கற வீட்டுல கரண்டு தங்காதாம்."

"அப்பிடியா? இந்த லயத்துல காலம் பூரா பகல்ல கரண்டு இல்ல. அதுக்கும் நான்தான் காரணமா? மானேஜர்கிட்ட போயி சொல்லுங்க, ஜெனரேட்டர் எண்ணெய் மிச்சமாவுறதுக்கு எனக்கு போனஸ் குடுக்கட்டும்."

"வெளையாடாத புள்ள. ஞாயித்துக்கெழம பெரிய பூசை. உன் தாலியில இருக்கற ரெண்டு குண்டையும் கழட்டி முனி காலடியில வெச்சிடணுமாம். தங்கம் கரண்ட இழுத்துப் புடிச்சி வெச்சிக்குமாம்."

"எனக்குத் தெரிஞ்சி தங்கம் சாமியாரத்தாங்க இழுக்கும். அதுக்குப் பதிலா ஒரு புது பேட்டரி வாங்குனா என்னா?"

"வாங்குனா? அதையும் பேய் குடிச்சிடும்லா. மொதல்ல பேயக் கட்டணும்." அவர் குரல் இறங்கியது. "சனிக்கெழம வரைக்கும் லீவு சொல்லியாச்சு. திங்கக்கெழம காலையில நான் கேட்ல நிக்கணும் கருப்பம்மா. நிக்கலன்னா ஹாபிஸ், வேலை முடிஞ்சிது."

கணவர் கொடியில் போட்ட சட்டையை அவள் பார்த்தாள். பேட்டரியைத் தூக்கிச் சுமந்ததில் அந்தச் சட்டையின் முன்பக்கம் மிளகளவு ஓட்டைகள் விழுந்திருந்தன. பக்கத்தில் ஸ்டோருக்குக் கட்டிப் போகும் அவளுடைய பழைய கைலி. அதிலும் அதே ஓட்டைகள். பதினான்கு வருடம் ஆசிட் வாளி தூக்கியவள் அவள். முனியின் மூச்சு எந்தப் பீப்பாயிலிருந்து வருகிறது என்பது அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

*

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பேட்டரியை ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சலாஹுதீன் என்பவரின் பேட்டரிக் கடை இருந்தது. வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓம்ம்ம்ம்."

சுவரோரம் பலகையில் இருபது முப்பது பேட்டரிகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாகக் கம்பிகள். புளித்த வாடை. மெல்லிய கொதிப்பு.

கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யாரும்மா, என்னைய எதுக்குக் கும்புடறே?" என்றார் சலாஹுதீன் பதறிப்போய்.

"உங்கள இல்ல பாய். உங்க கடையில முனி இருக்காரு. அவரக் கும்புட்டேன்."

அவள் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்காமல் கேட்டார். முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தங்கச்சி, அது சார்ஜர். வேட்டியில ஓட்டை, கட்டக் குரலு, நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு, அந்த ஆளா?"

"அவருதான்."

"யா அல்லா. தீபாவளி சமயத்துல எங்கிட்டதான் பழைய சார்ஜர் ஒண்ணு வாங்கிட்டுப் போனான். சார்ஜ் கடை போடப் போறேன்னான். பொழச்சிக்கட்டும்னு வெல கொறச்சிக் குடுத்தேன்லா."

"பொழச்சிக்கிட்டாரு பாய். நல்லாவே."

சலாஹுதீன் பேட்டரியின் மூடிகளைத் திறந்தார். ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மேலே ரப்பர் குமிழ், குழாய்க்குள் ஒரு சிறிய மிதவை. குமிழை அழுத்தி விட்டதும் உள்ளே ஆசிட் ஏறி மிதவை ஆடியது. மிதவையில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று பட்டைகள்.

"பாரு. ஆசிட் கனமா இருந்தா பச்சை வரைக்கும் மெதக்கும். அப்ப சார்ஜ் இருக்குன்னு அர்த்தம். தண்ணி மாதிரி இருந்தா முங்கிச் செவப்பு காட்டும்."

"இது நம்ம பால் கண்ணாடி மாதிரி!" என்றாள் கருப்பம்மாள்.

நீலாம் தோட்டத்தில் அந்தக் கண்ணாடியை அறியாதவர் இல்லை. பால் நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி ஒரு கண்ணாடி மிதவையை வாளிக்குள் விடுவார். பாலில் ஒரு செம்பு தண்ணீர் கலந்திருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். வேண்டுதல், அழுகை, பிள்ளை மேல் சத்தியம் எதற்கும் அது மசிந்ததில்லை. தோட்டத்து மக்கள் மூன்று தலைமுறையாகச் சாமிகளைச் சந்தேகித்தது உண்டு, கங்காணிகளைச் சந்தேகித்தது உண்டு. அந்தக் கண்ணாடியை யாரும் சந்தேகித்ததில்லை.

"மூணு அறையும் செவப்பு. ரெண்ட எழுப்பலாம். ஒண்ணு செத்துப் போச்சு" என்றார் சலாஹுதீன். "சார்ஜ் ஏத்துனா ரெண்டு நாள் நிக்கும், அவ்ளோதான். இத மாத்தறதுதான் வழி. நான் ஓதுனாலும் ஏறாது, ஐயர் வந்தாலும் ஏறாது."

பூசைக்கென்று வைத்திருந்த காசில் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் குழாயை இரண்டு நாள் இரவல் கேட்டாள்.

"எதுக்கு?"

"புதுசு வாங்கியாச்சு. எங்க வீட்டுக்காரரு மாட்டணுமே. பேய் குடிச்சிடும்னு பயப்படறாரு."

*

ஞாயிற்றுக்கிழமை, சாமி மணியை எடுத்தபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கருப்பம்மாள் முன்னால் வந்தாள். பின்னால் அர்ச்சுனன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"வா மகளே. குண்டு கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன் சாமி. கழுத்துலதான் இருக்கு. பூசை முடிஞ்சி எங்க பேட்டரி நல்லா ஆயிட்டா நானே கழட்டி வெக்கறேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன சந்தேகம்."

"சந்தேகந்தான் பேயோட வாசல்."

"அந்த வாசல சாத்திடலாம்னுதான் வந்தேன். ஏஞ்சாமி, முனிக்குக் கரண்டு வேணுமா?"

சாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "சூரியனுக்கு மண்ணெண்ணெய் வெளக்கா? முனியோடது கம்பி இல்லாத கரண்டும்மா!"

"அப்பச் சரி" என்று அவள் சன்னாசியிடம் திரும்பினாள். "அண்ணே, அந்த ஃப்யூஸக் கொஞ்சம் புடுங்குங்க. பூசை நடக்கட்டும்."

சாமியின் கையிலிருந்த மணி நின்றது. "கோயில் வெளக்கு அணையக்கூடாது. அபசகுனம்."

"எண்ணெ வெளக்கு எரியுதே சாமி, அது போதாதா?" என்றார் சன்னாசி. ஐந்து மாதப் பில் அவர் மனதில் இருந்தது. மீட்டரின் மாலையை விலக்கி, வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸைப் பிடித்து இழுத்தார்.

ஓம் நின்றது.

 சாலையில் ஒரு லாரி போன சத்தம் கேட்டது. சன்னாசி ஃப்யூஸைத் திரும்பச் செருகினார். "ஓம்ம்ம்ம்." பிடுங்கினார். நிசப்தம். செருகினார். "ஓம்ம்ம்ம்." பிடுங்கினார். அறுபத்திரண்டு வயது மனிதர், கோயில் தலைவர். நிறுத்த மனமே வரவில்லை.

"போதும்ணே, முனிக்கு விக்கல் வந்துடப் போவுது" என்றது ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. ஆனால் இவ்வளவு பார்த்தும் பாதிக் கூட்டம் கையைக் கூப்பியபடியே நின்றது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சாமி அதைக் கவனித்துவிட்டார்.

"முனி கோவிச்சிக்கிட்டாரு! மௌனத்துக்குப் போயிட்டாரு! மௌனத்துலதான் சக்தி ஜாஸ்தி!"

"ஆமாமா" என்று தைப்பிங்காரர் தலையாட்டினார். ரயில் கூலி கொடுத்தவர் அவ்வளவு சீக்கிரம் விடுவாரா?

"அப்ப மௌனத்துலயே பேட்டரிய எழுப்பட்டும்" என்றாள் கருப்பம்மாள். கூடையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இது பேட்டரிக்குப் பால் கண்ணாடி. செவப்புன்னா செத்தது, பச்சைன்னா உசுரோட இருக்கறது. நான் பாக்கல, நீங்களே பாருங்க. யாரு பால் வாளியில தண்ணி ஊத்தி மாட்டுனது? நீங்க வாங்க மச்சான்."

கூட்டம் ஓவென்று சிரிக்க, அவளுடைய அக்காள் கணவர் ஜெயபாலன் நெளிந்துகொண்டே வந்தார். அர்ச்சுனனின் பழைய பேட்டரியின் மூன்று அறையிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். மூன்றும் சிவப்பு. சன்னாசி ஒரு காலண்டர்த் தாளின் பின்னால் குறித்துக்கொண்டார்.

பேட்டரி அறைக்குள் போனது. ஃப்யூஸ் சன்னாசியின் சட்டைப் பையில் இருந்தது. சாமி ஒன்றரை மணி நேரம் பூசை செய்தார். குறை சொல்ல முடியாத பூசை. ஆடினார், சாட்டையால் அடித்துக்கொண்டார், எலுமிச்சம்பழம் எட்டுத் திசையிலும் பறந்தது, சுருட்டு மூன்று தீர்ந்தது. முடிவில் பேட்டரியை வெளியே எடுத்தார்கள். ஜெயபாலன் பார்த்தார்.

"செவப்பு. செவப்பு. செவப்பு."

"இப்ப எதிர்ப்பக்கம்" என்றாள் கருப்பம்மாள். "ஃப்யூஸு உள்ள. சாமி வெளிய. பாவம், களைச்சிப் போயிட்டாரு. அவருக்கு ஒரு தே தாரேக் டீ குடுங்க."

சாமி ரப்பர் மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் மரியாதையாக நின்றுகொண்டார்கள். அவர் எழ முயன்றபோதெல்லாம் இன்னொரு தேநீர் வந்தது. அறைக்குள் பேட்டரியை வைக்கப் போன சன்னாசி, இந்த முறை கண்ணை மூடாமல் அதை இறக்கி வைத்துவிட்டு, அங்கே தொங்கிய கவ்விகளில் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டிவிட்டு வந்தார். மந்திரம் அவருக்குத் தெரியாது. மந்திரம் இல்லாமலே ஓம் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜெயபாலன் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பச்சை." அடுத்த அறை. "பச்சைலா!" மூன்றாவது. "இது மட்டும் அதே செவப்பு."

"அது செத்துப் போன அறை" என்றாள் கருப்பம்மாள். "அதுக்கு முனியும் கெடையாது, சார்ஜரும் கெடையாது. மாத்தணும். இத்தன நாளா அந்த ரெண்டு அறைய ஏத்திக் காட்டித்தான் நம்மள ஓட்டுனாரு. சாமி பூசை பண்ணப்ப ஏறல. சாமி டீ குடிச்சப்ப ஏறிடுச்சு. அப்ப நாம காணிக்கை குடுக்க வேண்டியது யாருக்கு? டீக்கா?"

"திப்பு லா, இது! சுத்த ஏமாத்து!" என்று கத்தினார் ஒருவர்.

கதவு அகலத் திறந்தது. யாருக்கும் கண் போகவில்லை. உள்ளே சலாஹுதீன் கடையில் இருந்தது போன்ற இரும்புப் பெட்டி, சிவப்புப் பட்டு உடுத்தி, குங்குமப் பொட்டோடு இருந்தது. பழக்க தோஷத்தில் ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டி ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்தது. அன்றைக்கு அந்தக் கோயிலில் நடந்த ஒரே அற்புதம் அதுதான்.

 கருப்பம்மாள் கூடையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்து அர்ச்சுனனிடம் நீட்டினாள். அவர் அதையும், சாலையின் வளைவையும், மரத்தடிச் சாமியையும் பார்த்தார்.

"மாட்டுங்க" என்றாள். "பேய் குடிச்சா வாங்கித் தரேன், என் குண்ட வித்து."

மாட்டினார். ஒரே உதை. வண்டி உறுமியது.

"பாத்தீங்களா! முனி அருள்!" என்று மரத்தடியிலிருந்து கையை உயர்த்தினார் மாயாண்டி சாமி.

தைப்பிங்காரரின் கைகள் தாமாகவே கூப்பின. கருப்பம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பேட்டரி செத்தா மாத்திக்கலாம், கடையில கெடைக்கும். தோளுக்கு மேல இருக்கறது எந்தக் கடையிலயும் கெடைக்காது. அதக் கொஞ்சம் ஓட விட்டுக்கிட்டே இருங்க, இல்லன்னா படுத்துடும்."

*

மார்ச் 12ஆம் தேதி காலை ஆறு நாற்பதுக்கு அர்ச்சுனன் தொழிற்சாலைக் கேட்டில் நின்றார். மூன்றாவது கடிதம் வரவில்லை. கண்ணாடிக் குழாய் அன்று மாலையே சலாஹுதீனிடம் திரும்பிப் போனது. கோயிலின் அடுத்த கரண்டு பில் பழைய அளவுக்கு இறங்கியது. சன்னாசி மீட்டரின் மாலையைக் கழற்றினார்.

மாயாண்டியைச் சன்னாசி போலீசில் ஒப்படைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அவர் பன்னிரண்டாம் கட்டையில் ஒரு பலகைக் கடை எடுத்து, ஏப்ரல் மாதம் பேட்டரி சார்ஜ் கடை திறந்தார். அதே சார்ஜர், அதே ஓசை, வேலையும் சுத்தம். ஒரு பேட்டரிக்கு ஒன்றரை வெள்ளி. பூசை கிடையாது. மூன்று மாதத்தில் ஆறு பேர் வந்தார்கள். ஜூலையில் கடையை மூடினார்.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, தைப்பிங்கில் ஒரு கோயிலுக்கு முன்னால் முப்பத்தொரு கார்கள் நின்றன. ஒன்றுகூடக் கிளம்பும் நிலையில் இல்லை. எல்லாவற்றுக்கும் கதவு இருந்தது.